கூகைக்கு ஒரு படம்

கூகை அலறிற்று, குடும்பம் நடுங்கிற்று! கொட்டிலிலே கட்டப்பட்டிருந்த மாடுகள் அந்தக் குரலைக் கேட்டும் அசையாமல் அசைபோட்டுக் கொண்டிருந்தன. ஆறறிவு படைத்தோர் என்று பெயர் வாங்கிய நம் வீட்டார்தாம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தனர்.

16 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. நமக்கு வயது 10. நம் தந்தையார் திண்ணையில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். மஞ்சட்காமாலை. கண் மஞ்சள், நகம் மஞ்சள், கட்டியிருந்த வேட்டிகூட மஞ்சள். நாட்டு மருந்து ஒருபுறம், மந்திரித்த கயிறு மறுபுறம். நகரத்து மருத்துவமனை மட்டும் எந்தப் புறத்திலும் இல்லை! இந்த நிலையில்தான் புளியமரத்தில் வந்தமர்ந்து கூகை அலறிற்று. “எடுத்துக்கிட்டுப் போக வந்துடுச்சே” என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். மாமா உண்டிவில்லைத் தேடி எடுத்தார். டார்ச் விளக்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நாம் பிடித்தோம்.

வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் பறந்துவிடும் என்றுதான் எண்ணினோம். பறக்கவில்லை. வெள்ளை வட்ட முகத்தைத் திருப்பி, கண் கூசி, அப்படியே உட்கார்ந்திருந்தது. முதற்கல் தவறிற்று. இரண்டாவது கல் தவறவில்லை.

ஆறாம் நாள் தந்தையார் இறந்தார். சாவு வீட்டிற்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “கூகையை அடிக்கலாமா? அந்தப் பாவந்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது” என்றார்கள்! அலறியபோது, அலறியதால் சாவு. அடித்தபோது, அடித்ததால் சாவு. எப்படி விழுந்தாலும் தலையே விழும்படி செய்துவைத்த காசு அது. பின்னர் கல்லூரியிலே வரலாறு பயின்று, பட்டம் பெற்று, பகுத்தறிவு பேசும் மேடைகளுக்கு நாற்காலி தூக்கிப் போட்டு, கடைசியில் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றபோதுதான், அன்று நம் வீட்டில் இல்லாமற் போனது கூகையன்று, ஈரலைப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவர் என்பதை உரக்கச் சொல்லும் துணிவு வந்தது. அதையும் அம்மாவின் முன்னால் சொன்னதில்லை.

அந்தக் கூகை நம்மைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூடத்திற்கும் வரும் என்று நாம் எதிர்பார்த்தோமில்லை.

நாம் பணிபுரியும் பள்ளி, வயல் சூழ்ந்த ஓர் ஊரிலே, பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடக்கிறது. கடந்த ஆண்டு அதன் பரணிலே கூகைச் சோடி ஒன்று குடியேறிற்று. குஞ்சு பொரித்தது. கூகைக் குஞ்சுகள் பசித்தால் கூவுவதில்லை, குறட்டை விடுவதைப்போல் சீறும். இரவுக் காவலர் அந்த ஒலியைக் கேட்டார். மறுநாள் ஊரே கேட்டது! மாணவன் ஒருவனின் தகப்பனார் வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார் — கூகையால். அரையாண்டுத் தேர்விலே கணக்கில் 11 மதிப்பெண் பெற்றவன்கூடக் கூகைமேல் பழிபோட்டான். அவனைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை, பெரியவர்களிடம் கற்றதைத்தானே அவன் செய்தான்! பெற்றோர் சிலர் திரண்டுவந்து, மந்திரிப்பவரை அழைத்துச் சடங்கு செய்து, பரணை அடைத்துவிட வேண்டும் என்றனர். தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் நால்வர் சேர்ந்து பேசினால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுபவர். “பதினைந்து நாள் பொறுங்கள்” என்று நாம் கேட்டுக்கொண்டோம்.

பதினைந்து நாளில் என்ன செய்ய? நம்மிடம் ஒரு கேமரா இருந்தது. இரண்டாங்கையில் வாங்கியது, தவணையில் கட்டி முடித்தது, 300 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் உடையது. கூகையின் முகத்தைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். முகத்தை நேருக்குநேர் பார்த்த எதனிடத்தும் நெடுநாள் அச்சம் நிற்காது என்று திட்டமிட்டோம். மூன்று மாலைகள் பள்ளி முற்றத்தில் காத்திருந்தோம். இருட்டும் வேளையில், ஒலியே இல்லாமல், வெள்ளையாக ஏதோ பரணைவிட்டுப் புறப்பட்டுத் தலைக்குமேல் கடந்து போகும். கிடைத்த ஒளி போதவில்லை. ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தாலன்றி எதுவும் பதியாது. அந்த நேரத்திற்குள் கூகை முற்றத்தையே தாண்டிவிடும். படத்தில் பதிந்தது ஒரு வெள்ளைத் தீற்றல். வகுப்பில் காட்டினோம். பிள்ளைகள் குனிந்து பார்த்தனர், நிமிர்ந்து நம்மைப் பார்த்தனர். “பேய்தான் சார்” என்றான் ஒருவன். நம் கேமராவே அவர்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது!

ஆகவேதான் வண்டலூருக்குப் புறப்பட்டோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேர், ஆசிரியை ஒருவர், நாம், ஒரு பேருந்து, இரண்டு பெரிய தூக்குகளில் புளிச்சோறு.

சென்னையின் விலங்குக் காட்சிசாலைக்கு நெடிய வரலாறு உண்டு. 1855ஆம் ஆண்டிலே, எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் அதனைத் தொடங்கினார். பாடம் செய்த உடல்களைவிட உயிருள்ள விலங்குகளைக் காணவே மக்கள் திரண்டனர் என்பதை அவர் கண்டிருந்தார். பின்னர் அது சென்ட்ரல் நிலையத்தருகே இருந்த பூங்காவுக்குப் போயிற்று. அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குகள் இருந்த இடத்தை ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னைவாசிகள் அழைத்தார்கள். கல்லூரி வாயிலை மிதிக்க முடியாத மக்கள் சூட்டிய பெயர் அல்லவா, என்ன கூர்மை! இடநெருக்கடி மிகவே, 1985இல் வண்டலூர்க் காட்டோரத்தில் ஏறத்தாழ 510 ஹெக்டேர் பரப்பில், அறிஞர் அண்ணாவின் பெயரால் புதிய பூங்கா திறக்கப்பட்டது.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எங்கே ஓடினர்? எல்லாரும் ஓடும் இடத்திற்கே — வெள்ளைப்புலியிடம். அங்கே கூட்டம் என்றால் கூட்டம். குழந்தையைத் தோளில் தூக்கியவர், செல்பேசியைத் தலைக்குமேல் தூக்கியவர், புலியை முதுகுக்குப் பின்னே நிறுத்தித் தன் முகத்தையே படமெடுப்பவர். சற்றுத் தள்ளி, பொன்னிற உடலில் கரிய வரியோடு, காட்டிலே புலி எப்படி இருக்குமோ அப்படியே நடந்துகொண்டிருந்த புலிக்கு முன்னால் நின்றவர் நால்வர்.

வெள்ளைப்புலி தனி இனமன்று. 1951இல் ரேவா அரசர் காட்டிலே பிடித்த ‘மோகன்’ என்ற ஆண்குட்டியின் வழிவந்தவையே கூண்டுகளில் நாம் காணும் வெள்ளைப்புலிகளிற் பெரும்பாலன. அந்த வெண்மையைப் பெருக்க வேண்டும் என்ற ஆசையால், அதை அதன் மகளுடனேயே இணைசேர்த்து 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றனர். ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றமே இந்த நிறத்துக்குக் காரணம் என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டனர். இவற்றிற் பல மாறுகண்ணோடு பிறக்கின்றன. இரத்த உறவுக்குள்ளேயே மணம் முடித்து நிறத்தைக் காப்பாற்றும் குலப்பெருமை மனிதனோடு நில்லாமல் புலிவரை போயிற்று! இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, “அப்போ மஞ்சப்புலிதான் சார் அசல்” என்று ஒருத்தி தன் தோழிகளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கருநிறத்தவள். வகுப்பிலே அவளைப் பிள்ளைகள் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பது நமக்குத் தெரியும். இரண்டு முறை கண்டித்திருக்கிறோம், பயனில்லை. அன்று முழுவதும் கேமராப் பையைச் சுமந்தவள் அவளே.

அவளுக்குத்தான் முதலில் கேமராவைப் பழக்கினோம். வெள்ளைப்புலியை எடுக்கச் சொன்னோம். படத்தில் புலி அழுக்கேறிய சாம்பல் நிறத்தில் வந்தது. கரடியை எடுக்கச் சொன்னோம். கன்னங்கரிய கரடியும் வெளிறிச் சாம்பலாயிற்று. அவளுக்குத் திகைப்பு. இதில் மாயம் ஒன்றுமில்லை. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் பகுதி, எதிரே எது நின்றாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறந்தான் என்று முன்முடிவு செய்துகொண்டே அளக்கிறது. வெள்ளை நின்றால் ஒளி மிகுதி என்று குறைக்கும். கருமை நின்றால் ஒளி போதாதென்று கூட்டும். வெள்ளையை வெள்ளையாகப் பெற நாம் ஒளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், கருமையைக் கருமையாகப் பெறக் குறைக்க வேண்டும். “கரடிக்குக் குறைக்கணும்னா, கறுப்பு அழகாத் தெரிய வெளிச்சம் கம்மியா இருந்தாலே போதும், இல்லையா சார்?” என்றாள். கரடியை மறுபடி எடுத்தாள். மயிர் ஒவ்வொன்றும் மினுமினுக்கும் கருமை! அந்தப் படத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கூண்டைப் பார்த்தோம்.

கூண்டுக் கம்பிதான் இந்தத் தொழிலில் பெரும்பகை. தொலைவில் நின்று எடுத்தால் கம்பியே படமாகும், விலங்கு அதன் பின்னே மங்கும். தடுப்புவேலி இடங்கொடுக்கும் மட்டும் வலைக்கு அருகே போய், லென்ஸை நீளவிட்டு, அதன் வாயை அகலத் திறந்துவைத்து, விலங்கு வலையைவிட்டு விலகி உள்ளே போகும்வரை காத்திருந்தால், கம்பி கரைந்து காணாமற் போகும். வலைமேல் வெயில் பட்டால் மட்டும் அது கரையாது, வெண்பூச்சாய்ப் படமெங்கும் படரும்; அங்கே ஒருவர் குடையோ துண்டோ பிடித்து நிழல் செய்ய வேண்டும். கண்ணாடித் தடுப்பாயின் அதன்மேல் லென்ஸை ஒட்டிவைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணி மூட வேண்டும். இல்லையேல் பாம்பைவிட நம் முகமே தெளிவாய் விழும். இவ்வளவும் செய்தாலும், கண்ணில் கூர்மை இல்லையென்றால் படம் படமன்று. வாலோ சிறகோ மங்கினால் மன்னிக்கலாம், கண் மங்கினால் மன்னிக்க முடியாது.

கம்பி மறைந்த படம் பொய்யல்லவா என்று உடன்வந்த ஆசிரியை கேட்டார். கூண்டில் இருப்பதைக் காட்டில் இருப்பதாகக் காட்டுகிறோமே, அது எப்படிப்பட்ட பகுத்தறிவு? நல்ல கேள்வி, நமக்கு உடனே விடை வரவில்லை. படத்தின் அடியில் ‘விலங்குக் காட்சிசாலையில் எடுத்தது’ என்று எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். அன்றுமுதல் எழுதி வருகிறோம்.

ஆயினும், கூண்டிலே எடுத்த படம் என்று இகழ வேண்டா, தோழர்களே! தென்னாப்பிரிக்காவிலே குவாக்கா என்றொரு வரிக்குதிரை வகை இருந்தது. முன்பாதியில் மட்டும் வரி, பின்பாதி பழுப்பு. வேட்டையாடியே தீர்த்தனர். உயிருள்ள குவாக்காவுக்கு உலகில் எஞ்சியிருக்கும் படங்கள், இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் நின்ற ஒரு பெண் குவாக்காவை 1860களில் தொடங்கி 1870 வரை எடுத்த சிலவே. கடைசிக் குவாக்கா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் மாண்டது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் நாட்டுச் சதுப்புநிலங்களிலே வாழ்ந்த இளஞ்சிவப்புத் தலை வாத்து, 1935இல் பீகாரின் தர்பங்காப் பகுதியில் காணப்பட்டதற்குப் பின் உறுதியாக எவர் கண்ணிலும் படவில்லை. அதன் உருவை இன்று நமக்குக் காட்டும் படங்கள், இங்கிலாந்திலே ஒரு செல்வர் தம் பண்ணையில் வளர்த்தபோது எடுக்கப்பட்டவை. பிறந்த மண்ணில் அதற்கு ஒரு படம் எடுப்பாரில்லை! நம் தமிழ்நாட்டு மா. கிருஷ்ணன் (1912–1996) பல உறுப்புகளைத் தாமே இணைத்துச் செய்துகொண்ட பெரிய கேமராவைச் சுமந்து காடுகாடாய் அலைந்து, கறுப்பு வெள்ளையிலே யானையையும் மானையும் எடுத்தார், தமிழிலும் எழுதினார். அவர் வழியில் நூறு பேர் புறப்பட்டிருக்க வேண்டும். நாமோ நட்சத்திரங்களின் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, கூகைக்கு வருவோம்.

பிற்பகல் ஒன்றரை மணி. வெயில் உச்சி. கூகைகள் இருந்த கூண்டின் உட்புறம் அரையிருளாய் இருந்தது. உயரத்தில், மரக்கிளையின் மூலையில், இரண்டு உருவங்கள் ஒடுங்கித் தூங்கின. மாணவர் சிலர் பத்தடி தள்ளியே நின்றுவிட்டனர். ஒருவன் சட்டைக்குள் கைவிட்டுத் தாயத்தைத் தொட்டுக்கொண்டான். இந்த நேரத்திற்காகத்தானே வந்தோம்! கண்ணைத் திறந்தால் முகம் கிடைக்கும். நாக்கைச் சொடுக்கினோம், திறக்கவில்லை. கம்பியை விரலால் தட்டினோம். ஒன்று தலையைத் திருப்பிற்று. ஒளி போதவில்லை. சற்றும் எண்ணிப் பாராமல் ஃபிளாஷை எழுப்பினோம், அழுத்தினோம். வெள்ளை வெளிச்சம் பளீரென்று அந்த முகத்தில் அறைந்தது. கூகை கால் தடுமாறிச் சிறகை விரித்துக் கம்பியில் மோதி, மறுபடி கிளையைப் பற்றிக்கொண்டது. இன்னொரு முறை அழுத்தக் கை போயிற்று.

“சார்!”

கூண்டுப் பராமரிப்பாளர். கையில் வாளி. ஐம்பது வயதிருக்கும். “அதுக்கு இது ராத்திரி சார். தூங்குறவன் மூஞ்சியில டார்ச் அடிச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்? போர்டு வேற வச்சிருக்கோம். வாத்தியாரா நீங்க?”

திரும்பிப் பார்த்தோம். கம்பியைத் தட்டக்கூடாது, ஃபிளாஷ் கூடாது என்று எழுதிய பலகையின் நேர்கீழே நின்றிருந்தோம், 32 பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாம்! பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். நமக்கோ பலகையைவிட அந்த ‘டார்ச்’ என்ற சொல்தான் சுட்டது. புளியமரம், உண்டிவில், கண் கூசிய வட்ட முகம். 16 ஆண்டுகளில் கல்லூரிப் பட்டமும் கேமராவும் சேர்ந்திருந்தன. வெளிச்சத்தைப் பிடிக்கும் கை அதே கையாய் இருந்தது. அன்றைக்காவது அப்பாவை இழந்துவிடுவோம் என்ற அச்சம் ஒரு சாக்கு. இன்றைக்கு ஒரு படம்.

“தப்புத்தாங்க அண்ணே” என்றோம். பிள்ளைகள் முன்னிலையிலேயே சொன்னோம். அவருக்கு அது வியப்பாய் இருந்தது போலும், குரல் தணிந்தது. “சாயங்காலம் மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வாங்க. வெயில் அந்தப் பக்கமா சாய்ஞ்சு உள்ள விழும். அப்பத்தான் சோம்பல் முறிக்கும், ஒரு சிறகு ஒரு காலுன்னு நீட்டும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நின்னாப் போதும்.”

வலிமை மிக்க கூகையும் பகலிலே காக்கையிடம் தோற்கும் என்பதைக் காலம் அறிவதற்கு உவமையாக வைத்தார் வள்ளுவர். வகுப்பில் நடத்தியிருக்கிறோம், தேர்வில் கேட்டிருக்கிறோம். அன்று நண்பகலில் நாம் எந்தப் பறவையாய் இருந்தோம் என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

மாலையில் ஐந்து பிள்ளைகள் மட்டும் நம்முடன் நின்றனர். மற்றவர் ஆசிரியையுடன் பேருந்தருகே புளிச்சோற்றின் மிச்சத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். வெயில் சாய்ந்து கூண்டுக்குள் பழுப்பொளியாய் விழுந்தது. வலையின் ஓர் ஓரத்தில் வெயில் பட்டதால், கரடியை எடுத்தவள் தன் துப்பட்டாவை விரித்து நிழல் பிடித்தாள். பேச்சில்லை. இருபது நிமிடம் ஆகியிருக்கும். கூகை கண்ணைத் திறந்தது. சோம்பல் முறித்தது. பிறகு, உடல் அசையாமலே, தலை மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி, முதுகுப்பக்கம் போய், அங்கிருந்து நம்மைப் பார்த்தது. தாயத்தைத் தொட்டவன் “அய்யோ” என்று சொல்ல வாயெடுத்தவன், “எப்படிடா!” என்று முடித்தான்.

எப்படி? கூகையின் கண்கள் மண்டையில் பதிந்தவை, நம் கண்போல் உருளா. அக்குறையை ஈடுசெய்யக் கழுத்தில் 14 எலும்புகள், நமக்கு 7. ஏறத்தாழ முக்கால் வட்டம் திரும்பும். அந்த முகம் வட்டமாய்க் குழிந்திருப்பது அழகுக்கன்று, ஒலியை ஏந்தித் தருவதற்கு. காதுத் துளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஆகவே கும்மிருட்டில் நெல்லடியில் எலி நகரும் ஓசை எந்தத் திசை, எவ்வளவு தாழ்வு என்று கணித்துவிடும். இறகின் ஓரம் மென்மையான விளிம்பு உடையது, காற்றைக் கிழிக்கும் ஒலியை அடக்கிவிடும். வெள்ளையாய் வரும், ஓசையின்றி வரும், வந்தபின் அலறும். பேய்க்கு நம் பாட்டிமார் சொல்லும் இலக்கணம் முழுதும் இதுதானே!

துப்பட்டாவின் நிழலில் ஒன்பது படங்கள் எடுத்தோம். ஏழில் தலை அசைந்திருந்தது. ஒன்றில் ஒரு கண் கம்பியில் மறைந்தது. ஒன்று நின்றது.

அதைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பில் மாட்டினோம். பிள்ளைகளுடன் பள்ளிப் பரணின் கீழே கிடந்த கறுப்பு உருண்டைகளைப் பொறுக்கி, சுடுநீரில் ஊறவைத்துப் பிரித்தோம். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய்வழியே உமிழ்ந்துவிடும். 9 உருண்டைகளில் 14 மண்டையோடுகள். எல்லாம் எலிக்குலம். பிள்ளைகள் அவற்றைப் படத்தின் கீழே அட்டையில் வரிசையாய் ஒட்டினர்.

பெற்றோர் கூட்டம் நடந்தது. நாம் பேசினோம் — சற்று மிகுதியாகவே பேசினோம், பழக்கதோஷம். வடநாட்டில் கூகையினத்தை இலட்சுமியின் ஊர்தி என்பர். அந்த இலட்சுமியை வீட்டிலேயே கட்டிவைக்கலாம் என்று தீபாவளி நாளில் அதன் ஊர்தியையே பலியிடுவாரும் உளர். அங்கே அது வாழவும் வழியில்லை, இங்கே கூவவும் வழியில்லை என்றோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்றோம். நற்றிணையின் 83ஆம் பாட்டில், இரவில் காதலன் வரவுக்காக விழித்திருக்கும் பெண்ணின் தோழி, ஊர் மரத்துக் கூகையிடம், நெய்ச்சோறும் இறைச்சியும் சுட்ட வெள்ளெலியும் தருவோம், அஞ்சும்படி அலறாதே என்று பேரம் பேசுகிறாளே, அவளும் அஞ்சினாள்தான், ஆனால் அது எலியைத் தின்னும் என்பதை அறிந்து அஞ்சினாள் என்றோம். நம் மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், ஏரிக்கு வரும் நாரைகளைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்தவர்கள். அந்த உரிமையை 1798இல் ஆங்கில ஆட்சியரிடமே எழுதி வாங்கியவர்கள். எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டறிந்த அதே உழவன், அதே வயலில் இரவெல்லாம் எலி பிடிப்பவனைக் கல்லால் அடிப்பது எவ்வகையில் சரி என்றும் கேட்டோம்.

கை முறிந்த தகப்பனார் எழுந்தார். “எலி புடிக்குதுன்னா என் வயல்ல வந்து இருக்கட்டும் சார். பள்ளிக்கூடத்துல எதுக்கு?” எல்லாரும் சிரித்தனர். நமக்கு வாய் அடைத்துவிட்டது. கரடியை எடுத்தவள்தான் பின்வரிசையிலிருந்து, “அப்போ உங்க வயல்ல ராத்திரி அது உக்கார டி மாதிரி குச்சி நட்டு வைங்க மாமா” என்றாள். அவர் நட்டார். இன்னும் நிற்கிறது. கூடவே அதன் நுனியில் ஒரு வேப்பிலைக் கொத்தும் கட்டியிருக்கிறார், இருக்கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை பரணை அடைப்பதில்லை என்று தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்திட்டார். குஞ்சுகள் பறந்தன. இவ்வாண்டும் பரணில் சீறல் கேட்கிறது. பள்ளி வாயிலில் யாரோ கட்டிய எலுமிச்சம்பழமும் தொங்குகிறது.

படத்தின் இன்னொரு பிரதியை வீட்டிற்குக் கொண்டுபோக நமக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் மாலை, அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தபோது, முன்னால் வைத்தோம். முறத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை வெளிச்சத்திற்குத் திருப்பிப் பார்த்தார். கீழே எழுதியிருந்த ‘விலங்குக் காட்சிசாலையில் எடுத்தது’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இதையாப்பா அன்னைக்கு அடிச்சோம்?”

“இதே மாதிரி ஒண்ணும்மா.”

“டார்ச்ச நீதானே புடிச்ச?”

“ஆமாம்மா.”

சற்றுநேரம் இருந்தார். பிறகு படத்தை அலமாரிமேல், முகம் வெளியே தெரியும்படி சாய்த்து வைத்துவிட்டு, உலையில் அரிசியைப் போடப் போனார்.